ஸ்விஃப்ட் காயில்ஓவரை எத்தனை சுற்று ஏற்றுவது? குடியாத்தம் தம்பிக்கு என் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன், தவறென்றால் திருத்துங்கள். 2014 டீசல் ஸ்விஃப்ட். யாரோ பயன்படுத்திய காயில்ஓவர் செட்டை (தட்டைச் சுற்றி உயரம் மாற்றுகிற ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் செட்) வாங்கி ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாட்டியிருக்கிறீர்கள். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வேகத்தடையில் அடி தட்டுகிறது, தடையைவிட்டு இறங்கும்போது பின்னால் 'டொக்' என்று சத்தம் வருகிறது, முன்னால் வலது பக்கம் இடதைவிட 8 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. எத்தனை சுற்று ஏற்றினால் சரியாகும், ஏற்றினால் ஸ்பிரிங் இறுகி வண்டி கட்டையாக ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாராவாரம் குடும்பத்தோடு குடியாத்தத்தில் இருந்து வேலூர் போய் வருவதையும், எப்போதாவது ஏலகிரி ஏறுவதையும் எழுதியிருப்பதால், நீங்கள் தேடுவது சுற்றுக்கணக்கு மட்டும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த ரோட்டில், இந்தச் சுமையோடு, தட்டாமலும் குதிக்காமலும் ஓடுகிற உயரம் எது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக வேலூரில் சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் வேலை மட்டுமே பார்க்கிறவன். உயரத்தை விரலால் வைத்த வண்டிகள் நிறைய என்னிடம் திரும்பி வந்திருக்கின்றன. விரல் இடைவெளி கண்ணுக்கு அழகாக இருக்கலாம், ஆனால் அது ஷாக்குக்குள் எவ்வளவு ஓட்டம், அதாவது அமுங்கவும் நீளவும் எவ்வளவு தூரம், மிச்சம் இருக்கிறது என்று சொல்லாது. பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் அமுங்கவும் சக்கரத்துக்கு மொத்தமாக ஒரு ஓட்டம்தான் இருக்கிறது. உயரம் வைப்பது என்றால் அந்த ஓட்டத்தை மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பங்கு பிரிப்பது. பங்கு சரியாகப் பிரிந்தால் உயரம் தானாக ஒரு இடத்தில் வந்து நிற்கும்.

உயரத்தைத் தொடுவதற்கு முன்னால் அந்த 'டொக்' சத்தத்தைப் பாருங்கள், அதைத் தள்ளிப் போடக்கூடாது. ஸ்விஃப்டின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருக்கும். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கிற உத்திரம்), அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. காயில்ஓவர் செட் என்று விற்றாலும் பின்னால் வருவது உயரம் மாற்றுகிற ஒரு தட்டும், குட்டையான ஸ்பிரிங்கும், தனியாக ஒரு ஷாக்கும்தான். தட்டை மிகவும் கீழே இறக்கிவிட்டு ஷாக் நீளமாகவே இருந்தால், சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையைவிட்டுத் தளர்ந்துவிடும். வேகத்தடையில் இருந்து பின்சக்கரம் இறங்கும்போது ஒரு கணம் அப்படித் தொங்குகிறது, உடனே ஸ்பிரிங் திரும்பி உட்காருகிறது. அந்த உட்காரும் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிற 'டொக்' என்று நான் நினைக்கிறேன். ஷாக்கின் மேல் நட்டு தளர்ந்திருந்தாலும், ஷாக்கின் ரப்பர் புஷ் போயிருந்தாலும் இதே சத்தம் வரும், ஆகவே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாடியில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டு வைத்து, இரண்டு பின்சக்கரமும் தொங்குகிற மாதிரி தூக்குங்கள். கையால் ஸ்பிரிங்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த வண்டியை ஹைவேயில் எடுக்காதீர்கள், ஏனென்றால் ஸ்பிரிங் ஒருநாள் சாய்ந்து உட்கார்ந்தால் வளைவில் வண்டி உங்கள் கையில் இருக்காது. தட்டை ஏற்றி, தொங்கும்போதும் ஸ்பிரிங் இலேசாகப் பிடித்து நிற்கிற இடத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்த இடத்தில் பின்பக்கம் ரொம்ப உயர்ந்து நிற்கிறது என்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஜோடி. தட்டைச் சுற்றி அதைச் சரிசெய்ய முடியாது, ஷாக்கையோ ஸ்பிரிங்கையோ மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, ஏற்றினால் ஸ்பிரிங் இறுகிவிடுமா என்ற சந்தேகம். இது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களே தவறாகச் சொல்கிற விஷயம், அதனால் கணக்கோடு சொல்கிறேன். உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கின் மேல் சுமார் 270 கிலோ உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க 5 கிலோ கேட்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வண்டி தரையில் நிற்கும்போது அந்த ஸ்பிரிங் 54 மி.மீ. அமுங்கும். இப்போது தட்டை 10 மி.மீ. ஏற்றுகிறீர்கள். மேலே இருக்கிற எடை அதே 270 கிலோதான், ஆகவே ஸ்பிரிங் மறுபடியும் 54 மி.மீ. மட்டுமே அமுங்கும், வண்டிதான் 10 மி.மீ. உயரும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை இவற்றால் வருகிறது. தட்டைச் சுற்றுவதால் அது மாறாது. (மேல் சுருள்கள் நெருக்கமாகவும் கீழ் சுருள்கள் அகலமாகவும் இருக்கிற ஸ்பிரிங் என்றால் கதை கொஞ்சம் வேறு, ஆனால் காயில்ஓவரில் வருவது பெரும்பாலும் ஒரே சீரான ஸ்பிரிங்.) மாறுவது ஓட்டத்தின் பங்கு. சக்கரம் கீழே இறங்க இருந்த ஓட்டத்தில் 10 மி.மீ. குறைந்து, மேலே அமுங்குகிற ஓட்டத்தில் 10 மி.மீ. கூடியிருக்கும். வண்டி கட்டையாக ஓடுவதாகத் தெரிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்: ரொம்ப இறக்கி வைத்த வண்டி சின்ன மேட்டுக்கே, ஓட்டத்தின் கடைசியில் அடியை வாங்க இருக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும், அந்த முட்டலை ஓட்டுகிறவர் ஸ்பிரிங்கின் இறுக்கம் என்று நினைப்பார். அப்படிப்பட்ட வண்டியை 15 மி.மீ. ஏற்றினால் வண்டி மென்மையாக ஓடும். ரொம்ப ஏற்றிவிட்டால் இதற்கு நேர்மாறாக, பள்ளத்தில் சக்கரம் இறங்க இடமில்லாமல் ஷாக் மேலே தட்டி நிற்கும். அதுவும் ஒரு 'டக்' சத்தம், அதுவும் கட்டைதான்.

உங்கள் முன்பக்க ஸ்ட்ரட் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் ஸ்பிரிங் தட்டு மட்டும் மரையில் ஏறி இறங்கும். சிலவற்றில் ஸ்ட்ரட்டின் அடியில், நக்கிளில் (சக்கரத்தைத் தாங்குகிற பாகம்) மாட்டுகிற பிராக்கெட்டும் தனியாக மரையில் ஏறி இறங்கும். இரண்டாவது வகையில் ஸ்பிரிங்கைத் தொடாமல் அடி பிராக்கெட்டைச் சுற்றியே உயரம் மாற்றலாம், ஷாக்கின் ஓட்டப் பங்கு அப்படியே இருக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. ஷாக்குக்குள் ஓட்டம் அப்படியே இருக்கும், ஆனால் அப்படி இறக்கினால் சக்கரம் பாடிக்கு நெருங்கிவிடுகிறது. முழுசாக அமுங்கும்போது டயர் உள் மட்கார்டு பிளாஸ்டிக்கில் உரசும், எஞ்சின் பக்கமிருந்து சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் வளைகிற கோணம் அதிகமாகும். அதனால் அந்த வகையில் நான் ஒருமுறை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி, எங்கே உரசுகிறது என்று பார்ப்பேன். அரை நாள் வேலை பிடிக்கும். ஆனாலும் அதற்குப் பிறகு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் உரசல் சத்தம் வராது. அடி பிராக்கெட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஸ்ட்ரட்டின் மரை பிராக்கெட்டுக்குள் போதுமான அளவு இறங்கியிருக்க வேண்டும். உயரம் வேண்டும் என்று மரையின் கடைசி வரை வெளியே இழுத்தால் பிராக்கெட் பிடிமானம் இல்லாமல் நிற்கும், அது உயிரோடு விளையாடுகிற வேலை.

சரி, இப்போது அளப்பது. தரையில் இருந்து ஃபெண்டர் வரை அளக்காதீர்கள், டயரில் காற்று குறைந்தாலே அந்த அளவு மாறிவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வையுங்கள். நாலு மூலையையும் அளந்து எழுதி வையுங்கள். கம்பெனி உயரம் எவ்வளவு என்று பழைய ஸ்ட்ரட்டைக் கழற்றும் முன் அளந்திருக்க மாட்டீர்கள், பரவாயில்லை. கம்பெனி சஸ்பென்ஷனோடு இருக்கிற, சுமாரான வயதுள்ள அதே மாடல் டீசல் வண்டி தெருவுக்கு ஒன்று நிற்கும். உரிமையாளரிடம் கேட்டு அளந்துகொள்ளுங்கள். நடுப்புள்ளியில் இருந்து அளப்பதால் அவர் டயர் சைஸ் வேறாக இருந்தாலும் கவலை இல்லை. உங்கள் டயர் சைஸை மட்டும் தனியாகக் கணக்கில் எடுங்கள். உதாரணத்துக்கு 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/55 ஆர்15 போட்டிருந்தால், சஸ்பென்ஷனைத் தொடாமலே வண்டி 13 மி.மீ. தாழ்ந்துவிட்டது. இதை மறந்துவிட்டு மேற்கொண்டு 40 மி.மீ. இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அளக்கிற தரை சமமாக இருக்க வேண்டும், இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ஒர்க்‌ஷாப் தரை எல்லாம் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துப் போட்டது. கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றிப் பிடிக்கிற கண்ணாடி டியூப் மட்டம் இருக்கிறதே, அதை வைத்து நாலு டயர் நிற்கிற இடத்தையும் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் பழைய டைல்ஸ் துண்டோ பிளைவுட்டோ வைத்துச் சமப்படுத்துங்கள். டயர் நாலிலும் காற்று சரியான அளவில் இருக்கட்டும். டீசல் அரை டேங்க். டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்குச் சமமாக எதையாவது வையுங்கள், நான் 25 கிலோ ஆரணி அரிசிச் சிப்பம் மூன்றை வைப்பேன். ஹேண்ட் பிரேக் போடக்கூடாது. ஜாக்கியில் இருந்து இறக்கியவுடனே அளக்கவும் கூடாது. தொங்கிய சக்கரம் தரையில் படும்போது டயர் உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு வண்டியை உயரமாகவே நிறுத்தி வைத்திருக்கும். முன்னும் பின்னும் ஐந்தாறு மீட்டர் உருட்டி, நாலு மூலையும் அமுக்கி விட்டால்தான் உண்மையான உயரம் தெரியும். முடிந்தால் ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து அளப்பது இன்னும் நல்லது. உங்களுக்கு வலது பக்கம் 8 மி.மீ. தாழ்வு என்று சொன்ன அளவு இப்படி எடுத்ததா என்பதே எனக்கு முதல் கேள்வி.

அது உண்மையான வித்தியாசம்தான் என்றாலும், ஃபெண்டர் சமமாகும் வரை வலது தட்டை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். முதலில் இரண்டு பக்கமும் தட்டின் மேல்பாகத்தில் இருந்து ஸ்ட்ரட்டில் ஒரே மாதிரி இருக்கிற ஏதாவது ஒரு விளிம்பு வரை வெர்னியரால் அளந்து, இரண்டையும் சமமாக்குங்கள். மாட்டியவர் எங்கே இருந்து சுற்று எண்ணினார் என்று யாருக்குத் தெரியும், பல நேரம் அந்த 8 மி.மீ. அங்கேயே மறைந்துவிடும். தட்டுகள் சமமான பிறகும் ஃபெண்டரில் நாலைந்து மி.மீ. வித்தியாசம் நின்றால் நான் தொடமாட்டேன், பாடி பேனல் பொருத்தத்திலேயே அவ்வளவு வரும். அதற்கு மேல் இருந்தால் காரணம் தேட வேண்டும்: ஒரு ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே எண் இல்லாமல் இருக்கலாம், வண்டி ஒருமுறை அடிபட்டிருக்கலாம். பயன்படுத்திய செட் என்பதால் ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்ட எண்களைப் பார்த்துவிடுங்கள். விட்டம், நீளம், விறைப்பு மூன்றும் பெரும்பாலும் அதில் இருக்கும். பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு வந்த செட்டை டீசலில் மாட்டினால் எஞ்சின் எடை கூடுதல் என்பதால் முன்பக்கம் எதிர்பார்த்ததைவிட அமுங்கும், அது மாட்டியவர் தப்பு இல்லை.

ஒரு மூலையை மட்டும் ஏற்றுவதில் என்ன கெடுதல் என்று கேட்டால், கயிற்றுக் கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் செங்கல் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் காலுக்கும் எதிர்மூலைக் காலுக்கும் எடை கூடும், மற்ற இரண்டு கால்களும் லேசாகும். காரிலும் அதேதான்: முன் வலதை ஏற்றினால் முன் வலது, பின் இடது இரண்டிலும் எடை கூடும். பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கச் சக்கரம் முதலில் வழுக்கும், இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் வண்டி நடந்துகொள்ளும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்கள் இதற்காக நாலு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, வண்டி சாய்வதைக் குறைக்கிற ஸ்டெபிலைசர் பாரின் லிங்கைக் கழற்றிவிட்டு, மூலைக்கு மூலை எடை பார்க்கிறார்கள். குடும்ப வண்டிக்கு அது வேண்டுமா என்பதில் தொழில் தெரிந்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. தட்டுகள் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் ரோட்டு வண்டிக்கு அது போதும் என்பது என் அனுபவம், அதைக் கட்டாயமான விதி என்று சொல்லமாட்டேன்.

எவ்வளவு உயரம் என்பதற்கு வருகிறேன். இந்த மாடலின் தரை இடைவெளி கம்பெனி கணக்கில் 170 மி.மீ., அது காலி வண்டிக்கு. ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியில் சாமான் ஏற்றினால் அதிலேயே கணிசமாகக் குறையும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வட்டமான மேடு. உங்கள் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 2,430 மி.மீ.; அந்த மேட்டின் வளைவில் இரண்டு சக்கரமும் ஏறி நிற்கும்போது நடுவில் வண்டியின் அடிக்குள் வருகிற மேடு சுமார் 43 மி.மீ. மட்டுமே. நன்றாக இறக்கின வண்டியும் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். நம் தெருக்களில் இருப்பது அந்த வகை இல்லை. இரண்டடி அகலத்தில் தார் கொட்டி மேடாக்கியது, அது முழு உயரமும் வண்டிக்கு அடியில் வரும். அது 12 செ.மீ. உயரம் இருந்தால், 170இல் 50 இறக்கி, ஆள் ஏறி இன்னும் 30 தாழ்ந்த வண்டிக்கு 90 மி.மீ. மட்டுமே இருக்கும். தட்டாமல் என்ன செய்யும்? கே.வி.குப்பம், லத்தேரி வழியாகக் காட்பாடி வந்தாலும் சரி, பள்ளிகொண்டா போய் ஹைவே பிடித்தாலும் சரி, ஊருக்குள் நுழைகிற இடங்களில் உங்களுக்கு இந்தக் குட்டை மேடுகள் இல்லாமல் போகாது.

அதனால் உங்கள் பயன்பாட்டுக்கு என் அபிப்பிராயம்: கம்பெனி உயரத்தில் இருந்து முன்னால் 20 முதல் 25 மி.மீ., பின்னால் 15 முதல் 20 மி.மீ. மட்டும் இறக்குங்கள். பின்னால் குறைவாகச் சொல்வது சுமை அங்கேதான் ஏறும் என்பதற்காக. முன்னும் பின்னும் விரல் இடைவெளி சமமாகத் தெரிய வேண்டும் என்று பார்க்காதீர்கள், கம்பெனி வண்டியிலேயே முன் பின் அளவு வேறுவேறாகத்தான் இருக்கும். முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் துளி தாழ்ந்து நிற்பது நல்லது. பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதையும் ராத்திரியில் ஒரு சுவரில் அடித்துப் பாருங்கள்.

இந்த எண்கள் என் பழக்கத்தில் வந்தவை. ஆனால் ஒரு எல்லையை நான் உறுதியாகச் சொல்வேன், அதை வண்டிக்கு அடியில் குனிந்து நீங்களே பார்க்கலாம். முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பாடியோடு இணைக்கிற கை), கம்பெனி உயரத்தில் சக்கரத்துப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும். வண்டியை இறக்க இறக்க அது படுக்கையாகி, அதற்கும் மேல் இறக்கினால் சக்கரத்துப் பக்கம் மேலே ஏறிவிடும். மெக்ஃபெர்சன் அமைப்பில் அந்த நிலைக்குப் போய்விட்டால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி பாடியைவிட வேகமாகக் கீழே போய்விடும், அதனால் இறக்கின வண்டி வளைவில் குறைவாகச் சாய்வதற்குப் பதில் அதிகமாகச் சாயும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடின் கோணமும் கெட்டு, குழியில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் தானாக இழுக்கும். லோயர் ஆர்ம் படுக்கையாகிற இடம்தான் கடைசி எல்லை, அதற்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடுங்கள்.

உயரம் வைத்தபிறகு ஓட்டத்தைச் சோதிக்க செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஷாக்கின் ராடில் தூசி உறையைத் தூக்கிவிட்டு ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டி, அடியில் ஷாக் பாடி வரை தள்ளிவிடுங்கள். வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வழக்கமான ரோட்டில் வழக்கமான வேகத்தில் போய் வாருங்கள். ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் டை மேலே நகர்ந்திருக்கும். பம்ப் ஸ்டாப்பை அது தொடவே இல்லை என்றால் இன்னும் இறக்க இடம் இருக்கிறது. பெரிய குழியில் ஒன்றிரண்டு முறை ஸ்டாப்பைத் தொட்டு கொஞ்சம் அமுக்கியிருந்தால் அது சரியான இடம், ஸ்டாப் அதற்காகவே இருக்கிறது. ஸ்டாப்பை முழுசாக நசுக்கி உச்சியில் போய் நின்றிருந்தால் ஏற்றியே ஆக வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து நிற்கும் நிலையில் முன்பக்கம் ஸ்டாப்பைத் தொடும் முன் 50 மி.மீ. ஓட்டமாவது இருக்கட்டும் என்று நான் பார்ப்பேன். ஓட்டம் குறைவு என்று பம்ப் ஸ்டாப்பை வெட்டி எடுத்துவிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், ரப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக்கின் வால்வும், ஸ்ட்ரட்டை மேலே பாடியில் பிடிக்கிற டாப் மவுண்ட்டும் வாங்கிக் கெட்டுப்போகும்.

சுற்றுகிற வேலையைப் பற்றிச் சுருக்கமாக. மரையை வயர் பிரஷ்ஷாலும் மண்ணெண்ணெயாலும் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள், பாலாற்று மணலும் காய்ந்த சேறும் ஒட்டியிருந்தால் அலுமினியத் தட்டு மரையைத் தின்றுவிடும். வண்டி எடை ஸ்பிரிங்கில் இருக்கும்போது சுற்றக்கூடாது, தூக்கி எடையை எடுத்துவிட்டு ஹூக் ஸ்பேனரால் சுற்றுங்கள். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டுகிற ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஏறும் என்பது மரையின் இடைவெளியைப் பொறுத்தது, 1.5 அல்லது 2 மி.மீ. இருப்பது வழக்கம், அளந்து தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் தட்டு 10 மி.மீ. ஏறினால் வண்டியும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். பின்னால் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாததால் அந்தக் கணக்கு வேறு. இரண்டு பின் தட்டையும் 10 மி.மீ. ஏற்றி, உருட்டி அளந்தால் உங்கள் வண்டிக்கான கணக்கு கிடைத்துவிடும். கடைசியில் தட்டு நகராமல் பிடிக்கிற லாக் ரிங்கை இறுக்க மறக்கவேண்டாம்.

உயரம் முடிவானதும் செய்ய வேண்டியதில் பலர் விட்டுவிடுவது புஷ் போல்ட்டுகள். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், பின் பீமின் புஷ் எல்லாம் உள்ளே முறுக்கிக்கொள்கிற ரப்பர். பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட் அப்படியே இருந்தால் புது உயரத்தில் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் எடை இருக்கும்போது அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, கம்பெனி சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை) மறுபடி இறுக்க வேண்டும். அடுத்தது அலைன்மென்ட். உயரம் 10 மி.மீ. மாறினாலே டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மாறும், கேம்பரும் (முன்னால் இருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கிற அளவு) கொஞ்சம் மாறும். ஆம்பூர் பக்கத்தில் இருந்து ஒருவர் புது டயர் போட்டு சில மாதத்திலேயே உள்விளிம்பில் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்து வந்தார். கேம்பர்தான் தின்றுவிட்டது என்று நினைத்து கேம்பர் போல்ட் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அளந்து பார்த்தால் கேம்பர் சுமார்தான், டோ ரொம்பத் தவறி இருந்தது. வண்டியை இறக்கிய இடத்தில் அலைன்மென்ட்டே பார்க்கவில்லை. டயரை வேகமாகத் தின்பது டோதான். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டும் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினாலும் இழுபடாமல் இருக்கிறதா, ஸ்டெபிலைசர் பார் டிரைவ் ஷாஃப்ட்டைத் தொடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏபிஎஸ் இல்லாத சில வண்டிகளில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பி இணைத்து, சுமையைப் பொறுத்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு இருக்கும். பின்பக்கத்தை இறக்கினால் அந்த வால்வு வண்டியில் சுமை ஏறிவிட்டதாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்கை அதிகமாக்கும், மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியபிறகு மறுபடி அளங்கள். சில மி.மீ. இறங்கியிருக்கலாம். ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள், நல்ல ஸ்பிரிங் அவ்வளவு சீக்கிரம் சோராது, ரப்பர் இருக்கைகளும் டாப் மவுண்ட்டும் அமர்ந்ததுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். உங்களுடையது ஏற்கெனவே ஓடிய ஸ்பிரிங் என்பதால் நான் இரண்டாவதன் பக்கம்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியைக் கம்பெனி அமைப்பில் இருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே உறுதி செய்தது. நான் மெக்கானிக், வக்கீல் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து வையுங்கள், கம்பெனி ஸ்ட்ரட், ஸ்பிரிங், ஷாக் எதையும் விற்றுவிடாமல் பத்திரமாக வையுங்கள்.

ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா, உள்ளே வால்வு உயிரோடு இருக்கிறதா என்பதைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, நீங்கள் போட்ட போட்டோவை வைத்து நானும் சொல்லப்போவதில்லை. முதலில் பின் ஸ்பிரிங் தளர்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் நாலு மூலை அளவு, இரண்டு முன் தட்டின் வெர்னியர் அளவு, ஸ்பிரிங்கில் இருக்கிற எண், டயர் சைஸ், வண்டி தரையில் நிற்கும்போது லோயர் ஆர்ம் தெரிகிற மாதிரி முன்னால் இருந்து ஒரு போட்டோ, இவ்வளவும் இங்கேயே பதிலில் போடுங்கள். அதைப் பார்த்து முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு ஏற்றலாம் என்று மி.மீ. கணக்கிலேயே எழுதுகிறேன்.